கோயில் மண்டப டியூஷன்ல பாடத்திட்டத்தையும் மார்க்கையும் ஒன்னா கட்டுன கதை

மலேசியாவுல சுங்கை சிப்புட் டவுன்லேர்ந்து உள்ள போற தோட்டத்துச் சடக்குல, ரெண்டு பக்கமும் செம்பனை, நடுவுல ஒரு மாரியம்மன் கோயில், அத ஒட்டுனாப்ல மண்டபம். அந்த மண்டபத்துலதான் செவ்வாய், வியாழன் சாயங்காலமும் சனிக்கிழமை காலையிலயும் எங்க டியூஷன் நடக்குது. நாலு, அஞ்சு, ஆறாம் ஆண்டு புள்ளைங்க மொத்தம் 64 பேரு, சொல்லிக் குடுக்க அஞ்சு பேரு. ரிட்டையர் ஆன தலைமையாசிரியர் ஒருத்தர்தான் எல்லாத்துக்கும் தலை, சார்னாலே எங்க பக்கம் அவர்தான். எனக்கும் கணக்கு சொல்லிக் குடுத்தவரு, இன்னிக்கும் அவரு உள்ள வந்தா நான் நாற்காலிலேர்ந்து பாதி எந்திரிச்சிடுவேன். என் வேலை எண்ணெய் மில்லுல வேபிரிட்ஜ் கம்ப்யூட்டர் பாக்கறது, லாரி வந்தா எடை போடற எடம். டியூஷனுக்கு நான் சும்மா கம்ப்யூட்டர் ஆளு, சம்பளம் கெடையாது, சனிக்கிழமை பசியாறல் மட்டும் உண்டு.

பிரச்சனை எப்படி ஆரம்பிச்சதுன்னா, ஒருநாள் சார் அஞ்சாம் ஆண்டு கணக்கு டெஸ்ட் பேப்பர் கட்ட மேசைல போட்டாரு. "தம்பி, பின்னத்துல பூரா முட்டை. நாம சொல்லிக் குடுத்தமா இல்லையான்னு மட்டும் எனக்குப் பாத்துச் சொல்லுங்க." அஞ்சாம் ஆண்டுக்குச் செவ்வாக்கிழமை வகுப்பு எடுக்கறது யுனிவர்சிட்டில படிக்கற ஒரு பொண்ணு, நான் தங்கச்சின்னு கூப்பிடுவேன், புள்ளைங்களுக்கு டீச்சர். அது பக்கத்துலயே நின்னுட்டு இருந்துச்சு, மூஞ்சி வாடிப் போச்சு. கம்ப்யூட்டர்ல பாடத்திட்டத்தத் தொறந்து பாத்தா பின்னம் மூனு பாடம், மூனுக்கு நேராவும் முடிந்ததுன்னு பச்சை கலர். மார்க் பக்கத்துல பாத்தா முட்டை. ரெண்டுல எது பொய்? அதுக்கு பதில் சொல்ல எனக்கு மூனு மாசம் ஆச்சு.

நாங்க வச்சிருக்கறது ஓப்பன் சோர்ஸ் பள்ளி மென்பொருள் ஒன்னு, பிஎச்பி மொழில எழுதுனது, கீழ டேட்டாபேஸா மரியாடிபி. மில்லு ஆபீஸ்ல தூக்கிப் போட இருந்த டெஸ்க்டாப்ப கேட்டு வாங்கி, 70 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு பழைய எஸ்எஸ்டி டிஸ்க் போட்டு, உபுண்டு சிஸ்டம் ஏத்தி, மண்டபத்துக்குள்ள மட்டும் ஓடற மாதிரி ஒரு வைஃபை ரவுட்டர். வெளிய இன்டர்நெட்ல போடவே இல்ல, புள்ளைங்க பேரும் மார்க்கும் ஊரெல்லாம் சுத்த வேணாம்னு சார் சொல்லிட்டாரு, எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. அதுல பாடத்திட்டத்துக்கு ஒரு பகுதி, மார்க் புத்தகத்துக்கு ஒரு பகுதி. ரெண்டும் ஒரே லயத்துல அடுத்தடுத்த வீடு மாதிரி, செவுரு ஒன்னுதான், ஆனா பேச்சுவார்த்தை கெடையாது. பாடத்திட்டப் பகுதிக்கு தேதி, வகுப்பு, தலைப்பு, நோக்கம் இதெல்லாம் தெரியும். மார்க் பகுதிக்கு டெஸ்ட் பேரு, மொத்த மார்க்கு, யாரு எத்தன வாங்கினாங்க, அவ்வளவுதான் தெரியும்.

முழுசா பேசாம இருக்குன்னும் சொல்ல முடியாது. புது டெஸ்ட் சேக்கற பக்கத்துல, எந்தப் பாடத்துக்கான டெஸ்ட்டுன்னு ஒரு டிராப்டவுன் இருக்கு. அட, இதோ இருக்கேன்னு மொத வாரம் அத வச்சே எல்லா டெஸ்ட்டையும் இணைச்சேன். சனிக்கிழமை ஒரு டீச்சர் வந்து கேட்டாங்க, "மாசாந்தர டெஸ்ட்ல அஞ்சு பாடம் வருதே, எத தம்பி தேர்ந்தெடுக்கறது?" பதில் இல்ல. டிராப்டவுன் ஒன்னே ஒன்னுதான் ஏத்துக்கும். நெஜத்துல ஒரு டெஸ்ட்டுக்குள்ள பல பாடம் வரும், ஒரு பாடம் பல டெஸ்ட்ல வரும், வகுப்பறைல ஒரு நாள் நின்னவங்க யாருக்கும் இது தெரியும், எனக்குத்தான் தெரியல.

இதோட அடுத்த தலைவலி, பாடம் தள்ளிப் போறது. டீச்சருங்க என்ன பண்றாங்கன்னா, செவ்வாக்கிழமை பாடம் நடக்கலன்னா அத காப்பி பண்ணி வியாழக்கிழமைல போட்டுட்டு பழச அழிச்சிடறாங்க. காப்பி பண்ணுனதுக்கு புது நம்பர் வரும், டெஸ்ட்டு பழைய நம்பரையே பிடிச்சுட்டு நிக்கும், அந்த நம்பர்ல இப்ப ஒன்னும் கெடையாது. அனாதை இணைப்பு. இத சரி பண்றேன்னு நான் பண்ணுன வேலதான் இந்தக் கதையிலயே பெரிய கூத்து.

டேட்டாபேஸ்ல ஃபாரின் கீ, அதாவது இந்த நம்பர் அந்த டேபிளுல இருந்தே ஆகணும்ங்கற கட்டுப்பாடு, போட்டா அனாதை இணைப்பு உருவாகவே விடாதுல்ல, அதப் போட்டேன். போட்டா எர்ரரும் வரல, வேலையும் செய்யல. அரை நாள் மண்டைய ஒடச்சுட்டு அப்புறம்தான் பாத்தேன், மார்க் டேபிளு எல்லாம் பழைய மைஐசாம் வகை, அது ஃபாரின் கீய படிச்சுட்டு சரின்னு தலையாட்டிட்டு தூக்கிப் போட்டுடும். சம்பந்தப்பட்ட எல்லா டேபிளையும் ஃபாரின் கீய மதிக்கற இன்னோடிபி வகைக்கு மாத்திட்டு மறுபடி போட்டேன். அப்ப அது கேக்கும், தாய் வரிசை அழிஞ்சா புள்ளை வரிசைய என்ன பண்றது? அழிக்கவே விடாதன்னு சொல்லலாம், இணைப்ப மட்டும் காலி பண்ணுன்னு சொல்லலாம், இல்ல புள்ளையையும் சேத்து அழின்னு சொல்லலாம். நான் கேஸ்கேட்னு குடுத்தேன், அதாவது கூண்டோட அழி. ஏன் குடுத்தேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கே வெளங்கல, ராத்திரி 12 மணி, தூக்கக் கலக்கம், சுத்தமா இருக்கும்னு நெனச்சேன் போல.

அடுத்த சனிக்கிழமை காலைல ஒரு டீச்சர் ரெண்டு தடவ பதிவான பாடங்கள ஒன்னொன்னா அழிச்சாங்க, நல்ல எண்ணத்துலதான். பாடம் அழிய, அதோட சேந்த டெஸ்ட்டு அழிய, டெஸ்ட்டோட சேந்த மார்க்கு பூரா அழிய, பத்து நிமிசத்துல அஞ்சு டெஸ்ட்டு காணோம். "தம்பி, நாலாம் ஆண்டு மார்க்கு எங்க?"ன்னு கேட்டப்ப நான் வாயில ரோட்டி சானாய் வச்சுட்டு இருந்தேன், முழுங்க முடியல.

பேக்கப் இருக்கேன்னு தைரியமா போனேன். தெனமும் ராத்திரி 11 மணிக்கு கிரான்ங்கற நேரம் பாத்து வேலை செய்யற புரோகிராம் மூலமா டம்ப், அதாவது டேட்டாபேஸோட நகல், எடுத்து பென்டிரைவ்ல போடற மாதிரி ஏற்பாடு. தொறந்து பாத்தா கடைசி டம்ப் மூனு வாரத்துக்கு முந்தினது, அதுவும் நான் கையால எடுத்தது. ஏன்னா மண்டபத்த 9 மணிக்கு பூட்டறாங்க, பூட்டறவரு மெயின் சுவிட்ச அணைச்சிட்டுதான் போவாரு, 11 மணிக்கு மெஷினே உயிரோட இல்ல. நான் வீட்ல இருந்து எழுதுன ஏற்பாடு, மண்டபத்துக்கு ராத்திரின்னா என்னன்னு யோசிக்கல. இப்ப அனாக்ரான் போட்டிருக்கேன், நேரம் தவறிப் போன வேலைய மெஷின் அடுத்த தடவ எந்திரிக்கறப்ப பண்ணிடும்.

திருப்பி எடுத்தப்ப ஒரே ஒரு நல்ல காரியம் பண்ணேன். பழைய டம்ப்ப நேரா மேல ஏத்திருந்தா மூனு வாரம் டீச்சருங்க அடிச்ச பாடத்திட்டமும் போயிருக்கும். அதனால வேற ஒரு காலி டேட்டாபேஸ் உருவாக்கி அதுல ஏத்தி, காணாமப் போன வரிசைகள மட்டும் அங்கேர்ந்து இங்க எடுத்து வச்சேன். அப்படியும் மூனு டெஸ்ட்டு எதுலயும் இல்ல, பேப்பர திருப்பி வாங்கிதான் அடிக்கணும். புள்ளைங்ககிட்ட சொன்னோம், முக்காவாசி வந்துச்சு. ஒருத்தன் பேப்பர் அவங்க அம்மா கடைல நாசி லெமாக், தேங்காப்பால் சோறு, பொட்டலம் கட்டப் போயிடுச்சாம். சார் அவன உக்கார வச்சு திருப்பி எழுத வச்சாரு, முன்னத்துக்கு மூனு மார்க்கு கூட.

இதுக்கப்புறம் ஒரு வாரம் நான் மெஷின தொடல. மண்டபத்துத் திண்ணைல எப்பவும் ஒரு தாத்தா உக்காந்திருப்பாரு, அந்தக் காலத்துல கித்தா தோட்டத்துல, அதாவது ரப்பர் தோட்டத்துல, கிராணியா, கணக்குப்புள்ளையா இருந்தவரு, எல்லாரும் கிராணி தாத்தான்னுதான் சொல்லுவாங்க. என்னடா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருக்கன்னு கேட்டாரு. நான் பாட்டுக்கு புலம்புனேன், பாடம் ஒரு புக்குல, மார்க்கு ஒரு புக்குல, ரெண்டும் சேர மாட்டேங்குது தாத்தா, தேதிய வச்சு சேத்தா பாடம் தள்ளிப் போகுது, பாட நம்பர வச்சு சேத்தா அழிச்சிடறாங்கன்னு. அவரு சிரிச்சாரு.

"பெரட்டுல, ஆளெண்ணற எடத்துல, பேர் எழுதுன புக்கு ஒன்னு, ரப்பர் பால் நிறுத்த புக்கு ஒன்னு, எங்களுக்கும் ரெண்டு புக்குதான்டா. தேதிய வச்சு சேத்தா மண்டையடிதான். மழை பேஞ்சா வேலை இல்ல, பாதி நாள்ல நின்னுரும், ஒருத்தன் வரலன்னா இன்னொருத்தன் அவன் மரத்துல பால் வெட்டுவான். எங்களுக்குப் புடி காட்டு நம்பர்தான், தோட்டத்துல ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள நம்பர். ஆளு மாறுவான், நாளு மாறும், காட்டு நம்பர் மாறாது."

நான் மில்லுல தெனமும் இதத்தான பாக்கறேன். லாரி வருது, டிக்கெட்ல எந்தக் காட்டுச் செம்பனைக் குலைன்னு நம்பர் இருக்கும், டிரைவர் யாரா இருந்தா என்ன, எத்தன மணிக்கு வந்தா என்ன. பாடத்தையும் டெஸ்ட்டையும் நேரா முடிச்சுப் போட வேண்டியதே இல்ல, ரெண்டையும் மூனாவதா ஒன்னோட கட்டணும். டியூஷன்ல காட்டு நம்பர் எது? அத நான் தேடவே வேணாம், கல்வி அமைச்சு ஏற்கனவே போட்டு வச்சிருக்கு. டிஎஸ்கேபில உள்ள கற்றல் தரம்.

வெளியூர்க்காரங்களுக்காக ஒரு வார்த்தை. மலேசியாவுல ஆரம்பப்பள்ளி பாடம் கேஎஸ்எஸ்ஆர், 2011-ல வந்தது, திருத்துனது 2017-லேர்ந்து. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு ஆண்டுக்கும் டிஎஸ்கேபின்னு ஒரு ஆவணம் உண்டு. அதுல உள்ளடக்கத் தரத்துக்கு ரெண்டு எண், 2.1 மாதிரி, அதுக்குக் கீழ கற்றல் தரத்துக்கு, அதாவது புள்ளை என்ன கத்துக்கணும்ங்கறதுக்கு, மூனு எண், 2.1.1 மாதிரி. பள்ளிக்கூடத்துல எழுதற நாள் பாடத்திட்டத்துல, ஆர்பிஎச்சுன்னு சொல்லுவாங்க, இந்த எண்ண எழுதியே ஆகணும். 2021-ல ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் பரிட்சைய ரத்து பண்ணதுக்கப்புறம் வகுப்பறை மதிப்பீடு, அதாவது பிபிடி, அதுக்கு மவுசு கூடிடுச்சு, அதுலயும் புள்ளை எந்தத் தரத்துல எந்த நிலைக்கு வந்திருக்குன்னுதான் பாக்கறது. ஆக, பாடமும் இந்த எண்ணப் பேசுது, மதிப்பீடும் இந்த எண்ணப் பேசுது, நடுவுல நாங்கதான் தேதியப் பேசிட்டு இருந்திருக்கோம்.

டேபிளு இப்படி அமைச்சேன். தரங்களுக்கு ஒரு டேபிளு. பாடத்தையும் தரத்தையும் இணைக்க ஒரு பாலம் டேபிளு, டெஸ்ட்டையும் தரத்தையும் இணைக்க இன்னொரு பாலம் டேபிளு, பாலத்துல ரெண்டு நம்பர் மட்டும்தான் இருக்கும். பாடத்த அழிச்சா அந்தப் பக்கத்துப் பாலம் மட்டும் ஒடையும், டெஸ்ட்டுக்கும் மார்க்குக்கும் ஒரு கீறல் விழாது. தரத்தையும் மார்க் இருக்கற டெஸ்ட்டையும் அழிக்கப் பாத்தா டேபிளே தடுத்திடும், கேஸ்கேட்ங்கற வார்த்தைய பாலத்தோட மட்டும் நிறுத்திட்டேன். அப்புறம் 2.1.1 நாலாம் ஆண்டு கணக்குலயும் இருக்கும், அஞ்சாம் ஆண்டு கணக்குலயும் இருக்கும், தமிழ்லயும் இருக்கும், மூனும் வேற வேற. அதனால பாடம் (கணக்கா தமிழான்னு), ஆண்டு, எண் மூனும் சேந்துதான் ஒரு அடையாளம். மொத நாள் எண்ண மட்டும் வச்சு தனித்துவம்னு போட்டு, ரெண்டாவது பாடத்த ஏத்தறப்ப எல்லாமே மோதுனப்பதான் இது ஒறச்சுது.

தரங்கள ஏத்தறதுதான் உண்மையான கூலி வேலை. பிடிஎஃப்லேர்ந்து காப்பி பண்ணா தமிழ் எழுத்து கலைஞ்சு வருது, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம். கணக்கும் தமிழும் மட்டும் போதும், மூனு ஆண்டுக்கும் கையாலயே அடிச்சிடலாம்னு முடிவு பண்ணி, நம்மகிட்ட முன்னாடி படிச்சு இப்ப இடைநிலைப்பள்ளில படிவம் நாலுல இருக்கற ரெண்டு பசங்களையும் தங்கச்சியையும் உக்கார வச்சேன். ரெண்டு வாரம். எக்செல்ல அடிச்சாங்க, அங்கதான் எக்செல் வெளையாட்டக் காட்டுச்சு. 4.10-ன்னு அடிச்சா அது எண்ணுன்னு நெனச்சுட்டு 4.1 ஆக்கிடுது, இப்ப 4.1 ரெண்டு இருக்கு. ஒரு பையன் புள்ளிக்கு பதிலா கோடு போட்டு 2-1-1-ன்னு அடிச்சிருக்கான், அது 2001 ஜனவரி 2 ஆயிடுச்சு. அவன் பொறக்கறதுக்கு முந்தின தேதி. அடிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அந்தக் காலத்த (எக்செல் நெடுவரிசை) டெக்ஸ்ட்னு மாத்திடணும், அடிச்சதுக்கு அப்புறம் மாத்துனா போனது போனதுதான். டேபிளு பக்கமும் எண்ண எழுத்து வகையாத்தான் வைக்கணும். ஆனா எழுத்தா வச்சா வரிசைப்படுத்தறப்ப 4.10 வந்து 4.2-க்கு முன்னாடி நிக்கும், அதுக்கு முன்னாடி பூஜ்யம் சேத்து 04.02, 04.10-ன்னு இன்னொரு மறைவான காலம் வச்சு அத வச்சு வரிசைப்படுத்தறேன். சேவ் பண்றப்ப வெறும் சிஎஸ்வின்னு சேவ் பண்ணா தமிழ் பூரா கேள்விக்குறி ஆயிடும், யூடிஎஃப்-8 சிஎஸ்வின்னு தனியா இருக்கறத தேர்ந்தெடுக்கணும். இத செவுத்துலயே எழுதி ஒட்டிட்டேன்.

சாரோட பழைய பாடத்திட்டம் எல்லாம் யூனிகோடுக்கு முந்தின காலத்து எழுத்துருல அடிச்சது. அவரு நம்ம ஊரு முத்து நெடுமாறனோட முரசு அஞ்சல்ங்கற தமிழ் தட்டச்சு மென்பொருள் காலத்து ஆளு, அதப் பத்தி பேச ஆரம்பிச்சா ஒரு தே தாரிக் டீ முடிஞ்சு ரெண்டாவது வந்திடும். அந்தக் கோப்பெல்லாம் மாத்தி ஏத்துனோம், அது சுலபமாவே போச்சு.

இப்ப டெஸ்ட் பக்கம். டெஸ்ட்ட அஞ்சு தரத்தோட கட்டியாச்சு, ஒரு புள்ளை 20-க்கு 12. விட்ட எட்டு எந்தத் தரத்துல? தெரியாது. அப்ப ஒவ்வொரு கேள்வியையும் தரத்தோட கட்டணும், ஒவ்வொரு கேள்விக்கும் மார்க் அடிக்கணும். 20 கேள்வி, 22 புள்ளைங்க, 440 கட்டம், ஒரு டெஸ்ட்டுக்கு. டீச்சருங்ககிட்ட இத சொன்னப்ப யாரும் கோவப்படல, அமைதியா பாத்தாங்க, அது கோவத்த விட மோசம். கடைசில சார்தான் வழி சொன்னாரு, டெஸ்ட்ட நாலு பகுதியா பிரி, ஒரு பகுதிக்கு ஒரு தரம், பகுதிக்கு ஒரு மார்க்கு. 440 போயி 88 ஆச்சு. மென்பொருளுக்காக பரிட்சைத் தாள மாத்தறது தலைகீழா இருக்கேன்னு எனக்கு ஒரு உறுத்தல் இருந்துச்சு. ஆனா பகுதி பிரிச்சதுக்கப்புறம், திருத்தறப்பவே எங்க அடி வாங்கறாங்கன்னு கண்ணுல படுதுன்னு டீச்சருங்களே சொன்னாங்க, அப்புறம் நான் வாயத் தொறக்கல.

அடுத்து டிபி, அதாவது தேர்ச்சி நிலை. பிபிடில நிலை 1-லேர்ந்து 6 வரைக்கும், டிபி 1 ரொம்பக் கொறச்சல், டிபி 6 அபாரம். நான் கம்ப்யூட்டர்காரன் புத்திய காட்டி, ஒரு தரத்துக்கு புள்ளை வாங்கின டிபி எல்லாத்தையும் கூட்டி சராசரி போட்டு அழகா 3.4-ன்னு காட்டுனேன். சார் கண்ணாடிய எறக்கிப் பாத்தாரு. "மூனு புள்ளி நாலுன்னு ஒரு நிலை எங்கப்பா இருக்கு? சனவரில ஒன்னும் தெரியாம டிபி 1 வாங்குனான், மார்ச்ல நல்லா செஞ்சு டிபி 5 வாங்குனான். இப்ப அவனுக்குத் தெரியுமா தெரியாதா? தெரியும். நீ மூனுன்னு போட்டு அவன் பழைய பாவத்தத் தலைல சுமக்க வைக்கற." சராசரிய தூக்கிட்டேன். இப்ப ஒரு தரத்த அமுக்குனா அந்தப் புள்ளை இது வரைக்கும் செஞ்சது எல்லாம் தேதி வரிசைல வரும், கடைசில உள்ளது கொஞ்சம் பெருசா தெரியும், டிபி எத்தனன்னு முடிவு பண்ற கட்டம் காலியா இருக்கும். டீச்சர்தான் நிரப்பணும். சிஸ்டம் தானா ஒன்னும் போடாது. இதுல எனக்கு மொதல்ல கொஞ்சம் வருத்தம்தான், தானா போடறதுக்குத்தான கம்ப்யூட்டர்.

எல்லாம் கட்டி முடிச்சு, ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, சொல்லிக் குடுத்தமா இல்லையான்னு சார் கேட்ட அந்தக் கேள்விய ஓட்டுனேன். லெஃப்ட் ஜாயின், ஒரு டேபிளுல இருந்து இன்னொன்னுல இல்லாததயும் காட்டற தேடல், ஒன்னு இப்படி, ஒன்னு அப்படி. பாடம் இருக்கு, டெஸ்ட்டு இல்லாத தரங்கள் ஒரு பட்டியல். டெஸ்ட்டு இருக்கு, பாடம் இல்லாத தரங்கள் இன்னொரு பட்டியல். ரெண்டாவதுல பின்னம் இருக்கும்னு நெனச்சேன். இல்ல. பின்னத்துக்குப் பாடமும் இருக்கு, டெஸ்ட்டும் இருக்கு, மூனும் முடிந்தது. மூனு மாசம் வேலை செஞ்சு மொத நாள் பாத்த அதே பச்சை கலர்.

அப்பதான் அந்த முடிந்ததுங்கறது யாரு போட்டதுன்னு தேடுனேன். வருச ஆரம்பத்துல வருசாந்திரத் திட்டத்த மொத்தமா சிஎஸ்வில ஏத்துனது நான். நிலைங்கற காலத்துக்கு டீஃபால்ட்டா 1 குடுத்து ஏத்துனதும் நான், 0 குடுத்தா எல்லாம் செவப்பா தெரிஞ்சுது, பாக்க அசிங்கமா இருந்துச்சு. அதாவது எந்தப் பாடத்தையும் யாரும் நடத்தறதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சதுன்னு நான் எழுதி வச்சிருக்கேன். பின்னம் போட்டிருந்த மூனு செவ்வாக்கிழமையும் நாள்காட்டில பாத்தா, ஒன்னு கோயில் திருவிழா, மண்டபத்துல அன்னதானம். இன்னொன்னு ஒரு கல்யாணம், மண்டபம் வாடகைக்கு. மூனாவது நாள் மழையும் இடியும், கரண்ட் இல்ல, புள்ளைங்கள வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வகுப்பே நடக்கல. தங்கச்சி அடுத்த வாரம் திட்டத்துல இருந்த அடுத்த பாடத்துக்குப் போயிடுச்சு, திட்டம்தான் பச்சையா இருக்கே, சார் வேற நாள்ல முடிச்சிருப்பாருன்னு அது நெனச்சிருக்கு. தங்கச்சி முடிச்சிருக்கும்னு சார் நெனச்சிருக்காரு.

சனிக்கிழமை காலைல சார் முன்னாடியும் தங்கச்சி முன்னாடியும் சொன்னேன், தப்பு என்னோடதுன்னு. சார் ஒன்னும் சொல்லல, கண்ணாடியத் தொடச்சாரு. தங்கச்சி மட்டும், "அண்ணே, அன்னிக்கு நான் வீட்டுக்குப் போயி அழுதேன் தெரியுமா"ன்னு கேட்டுச்சு. அதுக்கு என்ன பதில் சொல்றது, அடுத்த நாலு வாரம் அதோட ரோட்டி சானாய்க்கு நான்தான் காசு குடுத்தேன்.

திட்டம் போட்டது வேற, நடத்துனது வேற, இத டேபிளுல பிரிச்சுதான் ஆகணும். பள்ளிக்கூடத்து ஆர்பிஎச்ல கடைசில சிந்தனை மீட்சின்னு ஒரு பகுதி இருக்கும், பாடம் எப்படிப் போச்சு, எத்தன பேருக்குப் புரிஞ்சது, நடக்கலன்னா ஏன் தள்ளி வச்சோம்னு டீச்சர் எழுதற எடம். நாங்க டியூஷன்தானேன்னு அத வெட்டி விட்டிருந்தோம். திருப்பிக் கொண்டு வந்தேன், ஆனா கட்டுரை எழுதச் சொல்லல, மூனே பொத்தான்: நடந்தது, பாதி நடந்தது, நடக்கல. அமுக்கற வரைக்கும் பாடம் சாம்பல் கலர். பச்சை யாராவது அமுக்குனாதான் வரும். தரத்தோட இணைப்பும் நடந்ததுன்னு அமுக்குன பாடத்த மட்டும்தான் கணக்குல எடுக்கும். நடக்கலன்னு அமுக்குனா அந்தத் தரம் தானா மேல ஒரு பட்டியல்ல போய் உக்காந்துக்கும், வேற நாள்ல போடற வரைக்கும் எறங்காது. காப்பி பண்ணிட்டு அழிக்கற பழக்கமும் இதோட நின்னுச்சு, ஏன்னா இப்ப தேதிய மாத்த தனியா ஒரு பொத்தான், பாட நம்பர் அப்படியே இருக்கும்.

மறுபடி ஓட்டுனப்ப ரெண்டாவது பட்டியல்ல பின்னம் மூனும் வந்துச்சு. கூடவே எதிர்பாக்காத ஒன்னு, தமிழ்ல இரட்டைக்கிளவி. ஆறாம் ஆண்டு டெஸ்ட்ல ஒரு பகுதி, அதுக்குப் பாடமே நடக்கல. தாள் தயாரிச்சது யாருன்னு பாத்தா சார். அவரு பட்டியல கொஞ்ச நேரம் பாத்துட்டு, "இது என் பழைய பள்ளிக்கூடத்துத் தாள்லேர்ந்து எடுத்தது, அங்க நடத்துனது இங்க நடத்துன மாதிரியே மனசுல நின்னுருச்சு"ன்னாரு. தங்கச்சி அந்தப் பக்கம் திரும்பி நின்னு சிரிச்சுது, எனக்குத் தெரியும்.

பின்னத்த ரெண்டு வாரம் திருப்பி எடுத்தாங்க. ரோட்டி சானாய வெட்டி கால், அரைன்னு ஆரம்பிச்சு கடைசில கலப்புப் பின்னத்துல நின்னாங்க. திருப்பி டெஸ்ட் வச்சதுல பெரும்பாலும் டிபி 3-க்கு மேல, சில பேரு இன்னும் டிபி 2-லதான் இருக்காங்க, அவங்களுக்கு சனிக்கிழமை தனியா ஒரு மேசை. அவங்களுக்குப் பின்னம் வரலன்னு இப்ப சொன்னா அது நெஜமாவே வரல, அந்த வித்தியாசம் இப்ப தெரியுது.

பாக்கி வேலை நெறைய இருக்கு. ஆங்கிலத்துக்குத் தரம் ஏத்தணும். ஃபோன்ல தொறந்தா தரங்களோட பட்டியல் நீட்டிட்டு போகுது, தேடற கட்டம் தமிழ்ல அடிச்சா சில நேரம் சிக்குது. இணைக்கறப்ப டீச்சருங்க சோம்பேறித்தனமா எல்லா தரத்தையும் டிக் பண்ணிடறாங்க, ஒரு பாடத்துக்கு மூனுக்கு மேல டிக் பண்ணா நெஜமாவான்னு கேக்கற மாதிரி வச்சிருக்கேன், கேட்டா ஆமான்னு அமுக்கிட்டு போறாங்க.

மண்டபம் எந்த நாள் வகுப்புக்குக் கெடைக்காதுன்னு தெரியறதுக்காக கோயில் நாள்காட்டியையும் உள்ள ஏத்திட்டேன், திருவிழா, பூசை, கல்யாண புக்கிங் எல்லாம். போன வாரம் கோயில் தலைவர் வந்தாரு, கூட ஒரு கல்யாண வீட்டுக்காரரு. "தம்பி, அந்த மெஷின்ல பாத்துச் சொல்லு, அடுத்த மாசம் மூனாவது செவ்வாக்கிழமை மண்டபம் காலியா?" நான் தொறந்து பாத்துட்டு இருக்கறப்பவே பின்னாடி நின்னு சார் சொன்னாரு, "அன்னிக்கு அஞ்சாம் ஆண்டுக்குத் தசமம் இருக்கு, வேற நாள் பாக்கச் சொல்லு."